கைத்தொழில் செய்கிறவருக்கு வரியும் செலவுக் கணக்கும்: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருபது வருடத்துக்கு மேலாக பிளம்பிங் வேலை செய்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஆரம்பத்தில் பில்களையெல்லாம் ஒரு செருப்பு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஜூன் மாதம் கணக்குப் பார்க்க அதைத் திறந்தால், மழை ஈரத்தில் பாதிச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பிடித்திருந்தன. பெட்ரோல் பங்க் பில்கள் எழுத்தே இல்லாமல் வெள்ளைத் தாளாகியிருந்தன. அந்த வருடம்தான் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எலக்ட்ரீஷியன், கொத்தனார், பெயின்டர், தச்சர் என்று கூட வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டதுதான் கீழே இருக்கிறது. இதில் சொல்லும் வரம்புகளும் விகிதங்களும் 2025–26 நிதியாண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் அதில் பிரிவு எண்கள் வேறு. இங்கே எல்லோருக்கும் பழக்கமான பழைய எண்களையே எழுதியிருக்கிறேன்.

தினக்கூலிக்குப் போகிறவன் நான். எனக்கும் வரிக் கணக்கு உண்டா?

ஒருவரிடம் மாதச் சம்பளத்துக்கு இல்லாமல், நீங்களே வேலை பிடித்து, விலை பேசி, ஆள் வைத்துச் செய்தால் சட்டத்தின் பார்வையில் அது தொழில். கடை வேண்டும், போர்டு வேண்டும் என்றெல்லாம் இல்லை. வருடத்தின் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், கட்ட வேண்டிய வரி பூஜ்யமாக இருந்தாலும் ரிட்டர்ன், அதாவது வருமானக் கணக்குப் படிவம், போட்டாக வேண்டும். வருமானம் அதற்குக் கீழே இருந்தும் உங்கள் பேரில் டிடிஎஸ் (பணம் தருகிறவர் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) 25,000 ரூபாய்க்குக் குறையாமல் பிடித்திருந்தால், அப்போதும் போட வேண்டும்.

12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே?

சரிதான். ஆனால் 4 லட்சத்தையும் 12 லட்சத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10 சதவீதம். இந்தக் கணக்குப்படி வருகிற வரி அதிகபட்சம் 60,000 ரூபாய். மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்த 60,000-ஐயும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். தள்ளுபடியைக் கேட்டு வாங்கும் தாள்தான் ரிட்டர்ன். அதைப் போடாமல் 'எனக்கு வரி இல்லை' என்று உட்கார்ந்திருக்க முடியாது.

சம்பளக்காரர்களுக்குக் கிடைக்கும் 75,000 ரூபாய் நிலையான கழிவு நமக்குக் கிடையாது. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் பயப்பட வேண்டாம். 12,20,000 என்றால் தாண்டிய 20,000 மட்டும்தான் வரி, அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி.

வாடிக்கையாளர் ஜிபேயில் அனுப்பும் மெட்டீரியல் பணமும் என் வருமானமா?

என்னிடம் வரும் பத்துப் பேரில் ஏழு பேர் கேட்பது இதைத்தான். கேட்காத மூன்று பேர்தான் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் ஒரு வேலையை எடுத்து விவரமாகவே சொல்கிறேன்.

பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பழைய பங்களாவில் இரண்டு பாத்ரூமைப் புதுப்பிக்கும் வேலை. பேசிய தொகை 1,86,000. பைப், ஃபிட்டிங், கீசர், குழாய், டேங்க் என்று மெட்டீரியல் 1,18,000. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றி வந்த வேனுக்கு 4,500. பங்களா ரோட்டுக்குக் கீழே எண்பது படி இறங்கி இருக்கிறது. டேங்க்கையும் டைல்ஸ் பெட்டிகளையும் தலைச்சுமையாக இறக்க 3,600. ஹெல்பருக்குப் பன்னிரண்டு நாள், நாளுக்கு 900 வீதம் 10,800. கொத்தனாருக்கு ஆறு நாள், 1,200 வீதம் 7,200. வண்டிக்குப் பெட்ரோல் 1,900. எல்லாம் போக என் கையில் நின்றது 40,000.

இந்த வேலையில் என் லாபம் 40,000, அதில் சந்தேகமில்லை. ஆனால் என் விற்றுமுதல், அதாவது டர்ன்ஓவர் எவ்வளவு? கடைக்காரர் என் பேரில் பில் போட்டு, நான் பணம் கட்டி, முழுத் தொகையையும் வாடிக்கையாளரிடம் ஒன்றாக வாங்கினால் 1,86,000. மெட்டீரியல் பில்லை வாடிக்கையாளர் பேரிலேயே போடச் சொல்லி, அவரே கடைக்கு நேராகப் பணம் அனுப்பினால் என் டர்ன்ஓவர் 68,000 மட்டும்தான். இரண்டிலும் லாபம் அதே 40,000.

வருடத்துக்கு இது போல் பத்து வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் டர்ன்ஓவர் 18,60,000, ஜிஎஸ்டி வரம்பான 20 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. இரண்டாம் வழியில் 6,80,000. வேலையும் உழைப்பும் ஒன்றுதான். பில் யார் பேரில், பணம் யார் கணக்கு வழியாக என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆகவே நான் செய்வது இதுதான். கொட்டேஷனிலேயே லேபர் தனி, மெட்டீரியல் தனி என்று எழுதுகிறேன். மெட்டீரியல் பட்டியலைக் கடைக்கு அனுப்பி, 'பில் ஓனர் பேரில் போடுங்கண்ணா, பணம் அவங்களே அனுப்புவாங்க' என்று சொல்லிவிடுகிறேன். சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் ஓனர்களுக்கும் இது பிடித்திருக்கிறது, பைப் என்ன விலை என்று அவர்களுக்கே தெரிகிறது. அவசரத்துக்கு நான் கையிலிருந்து போட்டு வாங்க நேர்ந்தாலும் பில் அவர்கள் பேரில்தான். அவர்கள் அதே தொகையைத் திருப்பி அனுப்பும்போது ஜிபே குறிப்பில் 'மெட்டீரியல்' என்று போடச் சொல்கிறேன்.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடைக்காரர்களுக்கெல்லாம் யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது நினைவிருக்கும். யுபிஐயில் வந்ததெல்லாம் டர்ன்ஓவர் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் எது டர்ன்ஓவர் இல்லை என்று காட்ட வேண்டியது நம் பொறுப்பு. மச்சான் அனுப்பிய கைமாற்றும் சீட்டுப் பணமும் ரிசார்ட் கொடுத்த லேபரும் ஒரே கணக்கில் கிடந்தால், ஒரு வருடம் கழித்து எதை எதென்று காட்டுவீர்கள்? வேலைக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு, தனியாக ஒரு க்யூஆர். இன்றைக்கே செய்யலாம்.

44ஏடி என்கிறார்களே, அது என்ன?

வருமான வரிச் சட்டத்தில் ஒரு பிரிவு. சிறு தொழில் செய்கிறவர்கள் ஒவ்வொரு செலவையும் காட்டாமல், டர்ன்ஓவரில் ஒரு பங்கை லாபம் என்று வைத்து வரிக் கணக்கை முடித்துக்கொள்ளும் வழி. வங்கி, செக், யுபிஐ வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம், ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், குறைந்தபட்சம் அவ்வளவையாவது லாபமாகக் காட்ட வேண்டும். டர்ன்ஓவர் 2 கோடி வரை இந்த வழியில் போகலாம். ரொக்கம் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை என்றால் 3 கோடி வரை. நம்மில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை.

ஒரு கணக்கு: வருட டர்ன்ஓவர் 14 லட்சம். அதில் 11 லட்சம் ஜிபேயிலும் செக்கிலும், 3 லட்சம் ரொக்கமாக. 11 லட்சத்துக்கு 6 சதவீதம் 66,000. 3 லட்சத்துக்கு 8 சதவீதம் 24,000. ஆக 90,000 ரூபாய்க்குக் குறையாமல் லாபம் காட்டினால் போதும். கணக்குப் புத்தகமோ தணிக்கையோ கேட்க மாட்டார்கள். ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-4, 'சுகம்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே சுகம்தான்.

பிளம்பிங், வயரிங், கட்டட வேலை, பெயின்டிங், தச்சு எல்லாம் இதில் வரும். இன்டீரியர் டெக்கரேஷன் செய்கிறவர்கள் மட்டும் கவனம்: அது சட்டத்தில் தனியாகப் பட்டியலிட்ட தொழில். அவர்களுக்கு 44ஏடிஏ, அதில் குறைந்தபட்ச லாபம் 50 சதவீதம்.

இன்னொரு எச்சரிக்கை. ஒரு வருடம் 44ஏடியில் போய்விட்டு, அடுத்த ஐந்து வருடத்துக்குள் 'இந்த வருடம் லாபம் அவ்வளவு இல்லை' என்று வெளியே வந்தால், அதற்கப்புறம் ஐந்து வருடம் திரும்ப உள்ளே வர முடியாது. வெளியே இருக்கும்போது வருமானம் அடிப்படை வரம்பான 4 லட்சத்தைத் தாண்டினால் தணிக்கையும் செய்ய வேண்டிவரும். அதற்கு ஆடிட்டர் வாங்கும் ஃபீஸில் ஒரு நல்ல டிரில்லிங் மெஷின் வாங்கலாம்.

அப்படியென்றால் எல்லோரும் 6 சதவீதம் மட்டும் காட்டிவிட்டுப் போகலாமே?

நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். அப்புறம் வீடு கட்டக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேனேஜர் மூன்று வருட ரிட்டர்னைப் புரட்டிப் பார்த்தார். 'வருடத்துக்கு 90,000 சம்பாதிக்கிறீங்க. மாதம் 7,500 ரூபாய். இதில் 12,000 ரூபாய் தவணை எப்படிங்க கட்டுவீங்க?' என்றார். பதில் சொல்ல வாயில்லை. அவர் மேல் தப்பே இல்லை, எழுதிக் கொடுத்தது நான்தான்.

6 சதவீதம் என்பது குறைந்தபட்சம். அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் மேலே காட்டலாம், காட்டவும் வேண்டும். லேபர் மட்டும் வாங்குகிறவருக்கு நிஜ லாபம் டர்ன்ஓவரில் பாதிக்கு மேலேயே இருக்கும். இப்போது 12 லட்சம் வரை வரி இல்லாதபோது, 4,80,000 சம்பாதித்துவிட்டு 90,000 என்று காட்டுவதில் என்ன மிச்சம்? ஒரு ரூபாய்கூட இல்லை. போவது கடன் கிடைக்கும் தகுதிதான். பிள்ளைக்குக் கல்விக் கடன், விபத்து நடந்தால் இழப்பீட்டு வழக்கு, எல்லா இடத்திலும் முதலில் கேட்பது ரிட்டர்னைத்தான்.

44ஏடியில் செலவைக் காட்ட வேண்டாம் என்றால், பில்லை ஏன் சேர்க்க வேண்டும்?

வருமான வரிக்காரருக்காக இல்லை, உங்களுக்காக. மேலே சொன்ன பங்களா வேலையில் தலைச்சுமைக் கூலியை நான் கொட்டேஷனில் மறந்திருந்தால் 3,600 என் கையிலிருந்து போயிருக்கும். மலையில் வேலை செய்கிறவனுக்கு ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வேன் வாடகை மூன்றும்தான் லாபத்தைத் தின்கிறவை. எழுதி வைத்தால்தான் அடுத்த வேலைக்குச் சரியான விலை சொல்ல முடியும். தவிர, ஏதாவது கேள்வி வந்தால் டர்ன்ஓவர் எது, கை மாறிப் போன பணம் எது என்று காட்டுவதும் இந்தக் காகிதங்கள்தான்.

முழுக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போடுகிறவருக்கு எவையெல்லாம் செலவு?

தொழிலுக்காக மட்டுமே செய்த செலவு எல்லாம். ஹெல்பர் கூலி, கடை வாடகை, பெட்ரோல், வண்டி சர்வீஸ், வண்டி இன்ஷூரன்ஸ், போன் ரீசார்ஜ், லைசன்ஸ் புதுப்பிக்கும் கட்டணம், தொழிலுக்காக வாங்கிய கடனின் வட்டி, ஆடிட்டர் ஃபீஸ், டெஃப்லான் டேப் வரைக்கும்.

வண்டியும் போனும் வீட்டுக்கும் தொழிலுக்கும் பொதுவாக இருந்தால் தொழிலுக்கான பங்கை மட்டும்தான் எடுக்க வேண்டும். நான் வண்டி டேங்க் கவரில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, எங்கே போனேன், எத்தனை கிலோமீட்டர். 'கோத்தகிரி, மோட்டார் ரிப்பேர், 42' அவ்வளவுதான். இரண்டு மாதம் எழுதினாலே பங்கு எவ்வளவு என்று புரிந்துவிடும். மலை ஏறி இறங்கும் வண்டிக்கு பிரேக் ஷூவும் கிளட்சும் சமவெளியை விடச் சீக்கிரம் தேயும், அந்த பில்லையும் விட்டுவிடாதீர்கள்.

ஸ்வெட்டர் பற்றி வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். கிடையாது. இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பஸ் கண்டக்டர் வரை ஸ்வெட்டர்தான் போட்டிருக்கிறார்கள், அது சொந்த உடை. சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட், இடுப்புக் கயிறு இவை செலவில் வரும். சைட்டில் ஆட்களுக்கு வாங்கிக் கொடுக்கும் டீயும் பன்னும் வரும். உங்கள் வீட்டு மளிகை வராது. போலீஸ் போட்ட ஃபைன் வராது.

பில்லே தராத செலவுக்கு என்ன செய்வது?

சுமை தூக்குகிறவர் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார். ஜீப்காரரும் அப்படித்தான். வவுச்சர் எழுதுங்கள். ஸ்டேஷனரிக் கடையில் வவுச்சர் புத்தகம் கிடைக்கும், இல்லாவிட்டால் நோட்டுத் தாளே போதும். அந்த டேங்க் இறக்கிய அன்று நான் எழுதியது:

'தேதி. பெட்ஃபோர்டு பங்களா. ரோட்டிலிருந்து 80 படி கீழே 1,000 லிட்டர் டேங்க் 1, டைல்ஸ் 34 பெட்டி இறக்கியதற்கு நான்கு ஆள், ஆளுக்கு 900, ஆக 3,600.' கீழே நான்கு பேரின் பெயரும் கையெழுத்தும். ஒருவர் கைநாட்டு வைத்தார், மை இல்லாததால் பேனா மையை விரலில் தடவிக்கொண்டு.

தொகை மட்டும் எழுதினால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே நினைவிருக்காது. எந்த இடம், என்ன வேலை, எத்தனை ஆள் என்று இருந்தால்தான் படிக்கிறவர் நம்புவார்.

கடையில் எஸ்டிமேட் சீட்டு கொடுக்கிறார்கள். அது போதாதா?

போதாது. 'பில் வேண்டுமா, எஸ்டிமேட் போதுமா?' என்று கேட்டால் பில்லைக் கேளுங்கள். எஸ்டிமேட் என்பது விலை எழுதிய துண்டுக் காகிதம், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கேரண்டிக்குக்கூட உதவாது: கீசர் மூன்று மாதத்தில் ஒழுகினால் கம்பெனிக்காரர் கேட்பது பில்லைத்தான்.

மெஷின் வாங்கினால் முழுத் தொகையும் அந்த வருடமே செலவா?

ரெஞ்ச், கட்டிங் பிளேயர், டெஸ்டர் போன்ற சில்லறைக் கருவிகளை அந்த வருடச் செலவிலேயே எழுதிவிடுகிறார்கள். கோர் கட்டிங் மெஷின், பைப் வெல்டிங் மெஷின், பெரிய டிரில், வண்டி இவையெல்லாம் பல வருடம் உழைப்பவை. அவற்றுக்கு வருடத்துக்கு 15 சதவீதம் மட்டும் தேய்மானம் என்று செலவில் எழுதலாம். கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம். வாங்கி அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். 40,000 ரூபாய் மெஷினை ஆகஸ்டில் வாங்கினால் முதல் வருடம் 6,000, ஜனவரியில் வாங்கினால் 3,000. இரண்டாம் வருடம் மீதித் தொகைக்கு 15 சதவீதம். 44ஏடியில் போகிறவருக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 94 சதவீதத்துக்குள்ளேயே அதுவும் அடக்கம்.

ரொக்கமாக எவ்வளவு வரை வாங்கலாம், கொடுக்கலாம்?

முழுக் கணக்கு எழுதுகிறவர், ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது. சரக்கு வண்டிக்காரருக்கு மட்டும் 35,000 வரை. வாங்கும் பக்கம்: ஒரே ஆளிடமிருந்து ஒரு வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது, பத்துத் தவணையாகப் பிரித்து வாங்கினாலும் தப்புதான். வாங்கினால் அபராதம் வாங்கிய அதே தொகை. எஸ்டேட் பங்களா வேலையில் சில ஓனர்கள் கவரைக் கையில் திணிப்பார்கள். 'பேங்க்ல போட்டுடுங்க சார்' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

ரிசார்ட்டில் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அது போனதுதானா?

போகவில்லை, உங்கள் பான் எண்ணில் பத்திரமாக இருக்கிறது. கம்பெனி, பார்ட்னர்ஷிப், டிரஸ்ட் நடத்தும் பள்ளி போன்றவை ஒப்பந்த வேலைக்கு ஒரே பில்லில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது வருடத்தில் மொத்தம் 1 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் தனிநபருக்கு 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். 2,40,000 ரூபாய் வேலைக்கு 2,400. பான் கொடுக்காவிட்டால் 20 சதவீதம், அதாவது 48,000. முதல் நாளே பான் நகல் கொடுத்துவிடுங்கள்.

வருமான வரி இணையதளத்தில் 26ஏஎஸ், ஏஐஎஸ் என்று இரண்டு பட்டியல் இருக்கும். பிடித்த தொகை அதில் ஏறியிருக்கிறதா என்று மே, ஜூனில் பாருங்கள். ஏறவில்லை என்றால் பிடித்தவர்களைத் துரத்துங்கள். ஏறியிருந்தால் ரிட்டர்ன் போட்டதும் வங்கிக் கணக்குக்கே திரும்பி வரும். 2,400 ரூபாயைச் சின்னத் தொகை என்று விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம், அது ஹெல்பருக்கு இரண்டரை நாள் கூலி.

ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

சேவை, அல்லது சேவையும் பொருளும் சேர்ந்த வேலை என்றால் நிதியாண்டில் டர்ன்ஓவர் 20 லட்சத்தைத் தாண்டும்போது. 40 லட்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பொருள் மட்டும் விற்கிறவருக்கு. பதிவு செய்தால் பொதுவாக 18 சதவீதம் சேர்த்து வாங்கிக் கட்ட வேண்டும். டர்ன்ஓவர் 50 லட்சத்துக்குள் இருந்தால் 6 சதவீதம் கட்டும் காம்போசிஷன் வழியும் உண்டு, ஆனால் அதை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்க முடியாது.

பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய் போடக் கூடாது. 'ஜிஎஸ்டி பில் இருந்தால்தான் வேலை' என்று ஒரு பெரிய ஹோட்டல் சொன்னால் தானாகவே பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வேலை இல்லாத மாதங்களுக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் தாமதக் கட்டணம். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக என்றால் நான் எடுக்க மாட்டேன்.

கடைக்காரர் தரும் கமிஷன், பெயின்ட் டப்பா டோக்கன்?

இரண்டும் வருமானம். பெயின்ட், பைப், வயர் கம்பெனிகளின் பாயின்ட்டுகளுக்குக் கிடைக்கும் பரிசு, வருடத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் கட்டி உங்கள் 26ஏஎஸ்ஸில் ஏற்றிவிடும். மறைக்க முடியாது. 44ஏடி வசதி கமிஷன் வருமானம் உள்ளவருக்கு இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆகவே கமிஷன் வருகிறது என்றால் அதை ஆடிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எந்த வழியில் போவது என்று அவர் பார்க்கட்டும்.

எனக்கு ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டமும் இருக்கிறது. இலைப் பணத்தை எங்கே காட்டுவது?

நீலகிரிக்கே உரிய கேள்வி. காலையில் வயரிங், ஞாயிற்றுக்கிழமை தோட்டம் என்று ஓடுகிறவர்கள் இங்கே நிறைய. பச்சை இலையாக ஃபேக்டரிக்குக் கொடுத்து வரும் பணம் விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி கிடையாது. ஆனால் ரிட்டர்னில் காட்ட வேண்டும். செலவு போக அது 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-4 படிவம் போட முடியாது, ஐடிஆர்-3-க்குப் போக வேண்டும். மற்ற வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியிருந்தால், வரி விகிதம் பார்க்க மட்டும் இலை வருமானத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். பிரவுசிங் சென்டரில் ரிட்டர்ன் போடும்போது யாரும் இதைக் கேட்பதில்லை, நீங்களாகச் சொன்னால்தான் உண்டு. உரம், இலை பறிக்கும் கூலி இவற்றைத் தொழில் செலவோடு கலந்துவிடாதீர்கள்.

மார்ச்சில் அட்வான்ஸ் வாங்கி ஏப்ரலில் வேலை செய்தால் எந்த வருடக் கணக்கு?

சீசனுக்கு முன்னால் காட்டேஜ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாத்ரூம் நினைவுக்கு வரும். பிப்ரவரி, மார்ச்சில் அட்வான்ஸ் குவியும். கைக்கு வந்த தேதியை வைத்துக் கணக்கு எழுதுகிறவருக்கு அது மார்ச் வரவுதான். வேலை முடித்த தேதியை வைத்தும் எழுதலாம். எதை எடுத்தாலும் வருடா வருடம் மாற்றாதீர்கள். நான் கைக்கு வந்த கணக்கு.

டிடிஎஸ் போகக் கட்ட வேண்டிய வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரும் என்றால், 44ஏடிகாரர்கள் மார்ச் 15-க்குள் ஒரே தவணையாக முன்வரி கட்ட வேண்டும். 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு இந்தத் தலைவலி இல்லை. ஜூனிலிருந்து மழை பிடித்துக்கொண்டால் வேலை அருகிப்போகும் என்பதால், மார்ச் அட்வான்ஸில் ஒரு பங்கை நான் தொடாமல் ஒதுக்கி வைக்கிறேன். வரிக்கு இல்லை, ஆகஸ்ட் மாத மளிகைக்கு.

வேலை முடித்து மூன்று மாதம் ஆகியும் பணம் தராமல் இழுக்கிறார்கள்.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, எடுத்து வையுங்கள். ஆதார், பான் போதும், அரசு இணையதளத்தில் இலவசம். 'எடுத்துத் தருகிறேன், 1,500 கொடுங்கள்' என்கிறவரிடம் போக வேண்டாம். பதிவு பெற்ற சிறு தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால், கொடுத்து முடிக்கும் வரை அந்தத் தொகையை அவர்களால் வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. இந்த ஒரு வரியை அவர்களுடைய அக்கவுன்டன்ட்டிடம் மார்ச் முதல் வாரத்தில் நினைவூட்டினேன், இழுத்த 54,000 நான்காம் நாள் வந்தது. பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்திருப்பது முக்கியம்.

தொழில் வரி என்று நகராட்சியில் கேட்கிறார்களே?

அது வேறு, வருமான வரி வேறு. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி வாங்குவது. அரையாண்டு வருமானம் 21,000 வரை கிடையாது. எவ்வளவு வருமானம் இருந்தாலும் வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. கட்டிய ரசீதை வைத்திருங்கள், முழுக் கணக்கு எழுதினால் அதுவும் செலவு.

எல்ஐசி, மெடிக்ளைம் கட்டுகிறேன். கழிக்கலாமா?

பழைய வரிமுறையில் மட்டும். 12 லட்சத்துக்குள் சம்பாதிக்கிறவருக்கு அதைத் தேடிப் போக வேண்டிய அவசியம் இல்லை.

கடைசித் தேதி தவறிவிட்டது.

முன்பெல்லாம் ஜூலை 31. 2025–26 கணக்கிலிருந்து, தணிக்கை தேவைப்படாத தொழில்காரர்களுக்கு ஆகஸ்ட் 31. சில வருடம் தள்ளி வைப்பார்கள், அந்த வருட அறிவிப்பைப் பாருங்கள். தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்துடன் போடலாம்: வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000. டிசம்பரும் போய்விட்டால் அப்டேட்டட் ரிட்டர்ன் என்று ஒன்று உண்டு, ஆனால் அதில் டிடிஎஸ்ஸைத் திரும்பக் கேட்க முடியாது.

பழைய பில்களை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

கணக்குப் புத்தகம் எழுதுகிறவர் அந்த மதிப்பீட்டு ஆண்டு (நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து ஆறு வருடம். மற்றவர்களும் அதையே பின்பற்றுவது நல்லது. நான் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, மாதம் ஒரு ஃபோல்டர் என்று போட்டுவிடுகிறேன். காகிதத்தை வருட வாரியாக ஜிப் கவரில் போட்டு, மூடி இறுக்கமான ஒரு தகர டின்னில் அடுக்கி, அடுப்பங்கரைப் பரணில் வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஜூலையிலும் ஈரம் ஏறாத இடம் அது ஒன்றுதான்.